வாசித்து விளங்கப்படுத்திய பின்

எத்தனை தையல் என்று நான் கேட்டது மூன்றாம் நாள். அதுவும் தைத்தவர்களிடம் இல்லை, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நேரம் கட்டில் விரிப்பை உருவ வந்த அக்காவிடம். அவர் சிரித்தார். "உதை ஆர் பிள்ளை எண்ணிக்கொண்டிருக்கிறது? முதல் பிள்ளைக்கு எல்லாருக்கும் வெட்டுறதுதானே." நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த மூன்று நாளும் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

2018 மாசி மாதம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், எது என்று ஊகித்து எனக்கு எழுதவும் வேண்டாம். அங்கே என்னை ஒருவரும் அடிக்கவில்லை, பிள்ளை சுகமாகப் பிறந்தது. நடந்தது இவ்வளவுதான்: தலை தெரிகிற நேரம் ஒரு குரல் "வெட்டுறன்" என்றது, பிள்ளை வருகிற வழியை அகலமாக்குகிற வெட்டு. எனக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் தட்டோடு நின்ற மற்ற நேர்ஸுக்குச் சொன்னது. நான் அந்த அறையில்தான் இருந்தேன், அந்த வெட்டு விழுந்ததே என்னில்தான், ஆனால் அந்த வசனத்தில் நான் இல்லை.

அதற்கு முன்னால் விடியப்புறம் சேலைன் போத்தலில் ஒரு மருந்தை விட்டு ஏற்றினார்கள். என்ன மிஸ் இது என்று கேட்டேன். "நோ வாறதுக்கு." எனக்குப் பிரசவ நோ வருகிறதுதானே என்றேன். "காணாது." பிறகு படிக்கிற பிள்ளைகள் ஐந்தாறு பேர் வந்து கால்மாட்டில் நின்றார்கள், அதில் ஒருவர் கையுறையைப் போட்டார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதற்கிடையில் என் அவர் வெளியே விறாந்தையில் ஒரு தாளில் கையெழுத்து வைத்திருக்கிறார். என்ன தாள் என்று பிறகு கேட்டபோது, "தெரியேல்லையப்பா, வைக்கச் சொன்னவை, வைச்சன்" என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. உண்மையாகவே அவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தொழில் கோளாறு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் பதினொரு வருடமாக ஒரு நொத்தாரிசு கந்தோரில் உறுதி தட்டச்சு செய்கிறவள். காணி விற்றல், நன்கொடை, ஈடு, குத்தகை, எல்லாம் என் கையால் போகும். அரைப் பரப்புக் காணி கைமாறுவதென்றாலும் சும்மா மாறாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்தது, இன்றும் அதுதான். நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து வைத்தால்தான் அது உறுதி, இல்லாவிட்டால் வெறும் கடதாசி. கடைசிப் பந்தியில் ஒரு வசனம் வரும், நாளைக்கு நாலு தரமாவது அதை அடிப்பேன்: மேற்படி சாதனம் அவருக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டதன் பின். எங்கள் சேர் அதைச் சடங்குக்காகப் போடுகிறவர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று ஒவ்வொன்றாக வாசிப்பார். வெளியே ஓட்டோ காத்துக்கொண்டு நிற்கும், வந்தவர்கள் நேரத்தைப் பார்ப்பார்கள், அவர் பாட்டுக்கு வாசிப்பார்.

ஒருமுறை அச்சுவேலிப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்தார். மகன் வெளிநாடு போகக் காசு, அதற்காகத் தோட்டக் காணியை விற்க ஒழுங்கு. வாங்குகிறவர்கள் காசோடு இருந்தார்கள், முத்திரை வேலையெல்லாம் முடிந்துவிட்டது, பேனை ஆச்சியின் கையில். சேர் வாசித்து முடித்து, "விளங்கினதோ அம்மா?" என்றார். ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விளங்கினது தம்பி. அதுதான் நான் வைக்கேல்லை" என்று பேனையை மூடி மேசையில் வைத்தார், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினார். வாங்க வந்தவர்கள் பொருமினார்கள். மகன் வாசல்வரை பின்னால் போய்க் கத்தினார். ஆனால் ஆச்சியின் கையைப் பிடித்து அமத்திக் கையெழுத்தை வாங்குவோம் என்ற எண்ணம் அந்த அறையில் ஒருவருக்கும் வரவில்லை, வந்திருந்தால் அது குற்றம் என்று சாட்சிக்கு வந்திருந்த பெடியனுக்குக்கூடத் தெரியும். சேர் என்னிடம், "அதை எடுத்து வையும் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்.

மகள் பிறந்து பல மாதம் கழித்து, வேலைக்குத் திரும்பிய கிழமையில், அதே வசனத்தை அடித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த ஆச்சியின் ஞாபகம் வந்தது. தோட்டக் காணிக்கு அவ்வளவு மரியாதை.

வீட்டில் இதைச் சொல்லிப் பார்த்தேன். மாமி சொன்னது, "பிள்ளை சுகமாப் பிறந்ததுதானே, இனி என்ன." இந்த வசனத்துக்குப் பதில் கிடையாது. அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் பிள்ளை சுகமாகப் பிறந்ததில் எனக்குச் சந்தோசம் இல்லை என்று ஆகிவிடும். அம்மாவின் பதில் வேறு. நான் பிறந்தது 1991இல், வீட்டில், லாம்பு வெளிச்சத்தில். 1990 ஆனியில் போன கரண்ட் வரவேயில்லை, இரவில் றோட்டால் போகவும் ஏலாது. பக்கத்து ஒழுங்கை மருத்துவிச்சி ஆச்சிதான் பார்த்தவர். கையை வெந்நீரில் கழுவிவிட்டு வந்து, "கழுவிற்றன் பிள்ளை, இனிப் பாக்கட்டோ?" என்று ஒவ்வொரு தரமும் கேட்டாராம். இதைக் கேட்டவுடன் எனக்குள் ஒரு கதை ஓடத் தொடங்கியது, அந்தக் காலம், அந்த மனுசர் என்று. அம்மா அதை உடனேயே வெட்டிவிட்டார். "அவ கேட்டவதான். ஆனா நீ பிறந்த பிறகு எனக்கு இரத்தம் நிக்கேல்லை. அவவிட்ட ஒரு ஊசிகூட இல்லை. நான் தப்பினது நல்லூரான் செயல். நீ ஆஸ்பத்திரியில பெத்தது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமோ?"

ஆகவே இதை வீட்டுப் பிரசவத்துக்கான பிரசாரமாக ஒருவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018இலேயே திருப்பூரில் யூட்யூப் பார்த்து வீட்டில் பிள்ளை பெற முயன்ற ஒரு இளம் தாய் இரத்தப்போக்கில் இறந்துபோனார், தமிழ்ப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. இலங்கையில் 1930இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்தார்கள். இப்போது அது முப்பதை ஒட்டிய எண். நூறு வருடத்துக்குள் இப்படிக் கீழே இறங்கியதற்குக் காரணம் கிராமம் கிராமமாகச் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் திரிந்த குடும்பநல மாதுக்கள் என்கிற மிட்வைஃப்மாரும், கிளினிக்கும், இலவச ஆஸ்பத்திரியும்தான். கந்தோரில் என் மேசைக்குக் கீழே இருக்கும் பாதுகாப்புப் பெட்டியில் உள்ள எல்லா உறுதியையும்விட இந்த நாட்டின் பெரிய சொத்து அது என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பெருமையைக் காட்டித்தான் என் வாயை அடைக்கிறார்கள். உயிரோடு வைத்திருக்கிறோம், பிறகென்ன கேள்வி என்பது போல.

வெட்டும் அந்த நோ மருந்தும் உண்மையாகத் தேவைப்பட்டனவா? என் விசயத்தில் தேவைப்பட்டிருக்கலாம், நான் டொக்டர் இல்லை. ஆனால் "முதல் பிள்ளைக்கு எல்லாருக்கும்" என்பது மருத்துவக் காரணம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். எனக்குத் தையல் போட்ட அதே மாசி மாதம் உலக சுகாதார நிறுவனம் பிள்ளைப்பேற்றுப் பராமரிப்புக்கு 56 பரிந்துரைகள் வெளியிட்டது. எல்லாருக்கும் வழமையாக வெட்டுவது வேண்டாம், பிள்ளையைத் தள்ளுவதற்கென்று மேல்வயிற்றை அமத்துவது வேண்டாம், மயிர் மழிப்பது, எனிமா கொடுப்பது வழமையாக வேண்டாம், தாய் விரும்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு "காணாது" என்று சொன்ன அந்தக் கணக்குக்கும் ஒரு கதை உண்டு. கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்றிமீற்றர் திறக்க வேண்டும் என்ற கணக்கின் வேர் 1950களில் நியூயோர்க்கில் எமானுவேல் ஃப்ரீட்மன் என்ற வைத்தியர் முதல் பிள்ளைத் தாய்மார் 500 பேரைப் பார்த்து வரைந்த கோட்டில் இருக்கிறது. எழுபது வருடத்துக்கு முந்திய ஒரு ஊரின் கோடு. அந்த வேகம் எல்லாருக்கும் பொருந்தாது, ஐந்து சென்றிமீற்றர் வரும்வரை பொறுத்தும் போகலாம், மெதுவாகத் திறக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்படுத்த வேண்டாம் என்று அதே பரிந்துரைகளில் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரிந்திருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது. வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் யாராவது வேணுமோ என்று கேட்டிருக்க வேண்டும்.

என் அவர் வைத்த கையெழுத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் ஏன் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது, அதுவும் கந்தோரில் கிடைத்ததுதான். தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டத்துக்கு, உட்பட்ட கலியாணம் முடித்த பெண் தன் பெயரில் உள்ள காணியை, அது தாய் கொடுத்த சீதனமாக இருந்தாலும், புருசனின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டால் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டும். மரணசாசனம் மட்டும் தன் பாட்டில் எழுதலாம், செத்த பிறகு அவளுக்கு முழு உரிமை! ஆக, பொம்பிளையின் காரியம் என்றால் ஆம்பிளையின் கையெழுத்து என்று நூறு வருடமாக எங்கள் கை பழகிவிட்டது. ஆஸ்பத்திரி விறாந்தையில் நீட்டிய தாளுக்கும் அதே பழக்கத்தில் பேனையை எடுக்கிறார்கள்.

சேரிடம் ஒருநாள் இதைக் கேட்டேன், என் கதையாக இல்லை, சிநேகிதி ஒருத்தியின் கதையாக. அவருக்கு விளங்கியிருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. "காணிக்குத் தேசவழமை, உடம்புக்கு ரோமன் டச்சுச் சட்டம், ரெண்டையும் எழுத்தில விட்டிட்டுப் போனவன் ஒல்லாந்தன்தான்" என்று தொடங்கினார். தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதுவித்தது எனக்கும் தெரியும். மற்றது தெரியாது. புத்தி தெளிந்த, வயது வந்த ஆளின் உடம்பில் அந்த ஆளின் சம்மதம் இல்லாமல் கை வைத்தால் அது டொக்டராக இருந்தாலும் தீங்குதான், அதில் கலியாணம் முடித்தவள் முடிக்காதவள், பிள்ளைத்தாச்சி இல்லாதவள் என்ற பிரிவு கிடையாது, புருசன் வைக்கிற கையெழுத்துக்கு அங்கே இடமே இல்லை என்றார். தென்னாபிரிக்காவிலும் எங்களுடைய சட்டத்தின் வேர்தான். 1923இல் கேப் ரவுணில் ஒரு ஆம்பிளை தன்னைக் கேளாமல் தன்னில் ஒப்பரேசன் செய்துவிட்டார் என்று டொக்டர் மேல் வழக்குப் போட்டிருக்கிறார். ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் வந்து படுத்தார் என்பதற்காக, அங்குள்ள டொக்டர்மார் தேவையென்று நினைக்கிற ஒப்பரேசனுக்கெல்லாம் தன்னைக் கொடுத்துவிட்டதாக ஆகாது என்று அந்த வழக்கில் நீதிபதி சொன்னார். எங்கள் நீதிமன்றங்களை அது கட்டிப்போடாது, ஆனால் ஒரே மரத்துக் கிளை.

எனக்கு அதைக் கேட்க ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஆஸ்பத்திரிக்கு வந்தாச்சு எண்டா இனி நாங்க சொல்றதுதான்" என்று எனக்குச் சொல்லப்பட்டது 2018இல்.

இந்தியாவிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 44 வயது, கலியாணம் முடிக்காத பெண். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க மட்டும் கையெழுத்து வைத்திருந்தார். மயக்கத்தில் இருக்கும்போது உதவி டொக்டர் வெளியே வந்து தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு போய்க் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். தாய் கொடுத்த சம்மதம் செல்லாது, அவர் கண் விழிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று 2008 தை மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெற்ற தாயின் கையெழுத்தே செல்லாது. விறாந்தையில் நின்ற என் அவருடைய கையெழுத்து எந்த மூலைக்கு?

லண்டனில் இருக்கிற மச்சாள் இதையெல்லாம் கேட்டுவிட்டு ரெலிபோனில் சிரித்தார். "இஞ்ச ஒவ்வொண்டுக்கும் கேப்பினம். ஊசி போடட்டோ, பாக்கட்டோ, கதவைத் திறக்கட்டோ. கேட்டுக் கேட்டே நான் களைச்சுப்போனன்." வெள்ளைக்காரருக்குப் பிறவியிலேயே மரியாதை அதிகம் என்று அவர் நினைக்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. அடிபட்டுப் படித்தது அது. 1996இல் அங்கே ஒரு பெண், 36 வாரம், பிரெஷர் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது, உடனே பிள்ளையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். அவர் மாட்டேன் என்கிறார், எழுத்திலும் கொடுக்கிறார். மனநலச் சட்டத்தின் கீழ் அவரைப் பிடித்து வைத்து, அவருக்குத் தெரியாமலே நீதிமன்ற அனுமதி வாங்கி, சிசேரியன் செய்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எங்கள் மாமி கணக்கில் இத்தோடு கதை முடிந்தது. அவர் வழக்குப் போட்டார். 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்த்தது, பிள்ளைத்தாச்சியாக இருப்பதால் ஒரு பெண்ணின் முடிவெடுக்கிற உரிமை குறைந்துபோகாது என்று சொன்னது. 2015இல் நடீன் மொன்ற்கொமரியின் வழக்கு. நீரிழிவு உள்ள, சின்ன உடம்புக்காரி. பிள்ளையின் தோள் மாட்டுப்படுகிற ஆபத்து நூற்றுக்கு ஒன்பது பத்து என்று டொக்டருக்குத் தெரியும், சொல்லவில்லை, சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று. பன்னிரண்டு நிமிடம் மாட்டுப்பட்டது. பிள்ளைக்கு மூளை பாதிப்பு. டொக்டருக்கு எது முக்கியம் என்று படுகிறதோ அதை இல்லை, அந்த நோயாளிக்கு எது முக்கியமோ அதைச் சொல்ல வேண்டும் என்றது அங்குள்ள உச்ச நீதிமன்றம். வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தால் நாலு சொல்லில் முடிந்திருக்கும்.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்தது, இங்கே பெண் மறுக்கவில்லை என்பதுதான். ஒப்பரேசனை அவர் கேட்டிருப்பார், கேட்க விடவில்லை. மறுக்கிற உரிமை என்றவுடன் கத்தியைக் கண்டு ஓடுகிற பிடிவாதக்காரியைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

சரி, கடினமான கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறேன். பிள்ளை செத்துப்போகும் என்று தெரிந்தும் ஒருத்தி மாட்டேன் என்றால்? இதை என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் மடக்கிவிட்ட முகத்தோடுதான் கேட்டார்கள். எனக்கு இதற்கு நெஞ்சு ஆறுகிற பதில் இல்லை. அப்படி ஒருத்தி சொன்னால் நான் அவளின் காலைப் பிடித்துக் கெஞ்சுவேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன், இரத்தம் நிற்காத கதையைச் சொல்லச் சொல்வேன். ஆனால் நாலு பேர் பிடித்து அமத்தி வெட்டுவதற்கு ஓம் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அதற்கு ஓம் சொன்ன இடத்தில் என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. 1987 ஆனியில் வாஷிங்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அஞ்சலா கார்டர் என்ற பெண், 26 வாரம், புற்றுநோய் முற்றிச் சாகக் கிடக்கிறார். நீதிபதியை ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்து விசாரணை வைத்து, பிள்ளையைக் காப்பாற்ற என்று சிசேரியனுக்கு உத்தரவு போட்டார்கள். தனக்கு வேண்டாம் என்று அந்த மனுசி வாயசைத்துச் சொன்னது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளை இரண்டு மணித்தியாலம் இருந்தது. தாய் இரண்டு நாள். 1990இல் மேல் நீதிமன்றம் அந்த உத்தரவு பிழை என்று சொன்னது, கேட்க அவர் இல்லை.

பிறகு, நான் நேரில் கண்ட மறுப்புகள் ஒன்றுகூட அந்த மாதிரி இல்லை. எங்கள் வோட்டில் அந்த மூன்று நாளில் பெண்கள் முணுமுணுத்த "வேண்டாம்" எல்லாம் எவ்வளவு சின்னவை என்று பாருங்கள்: அந்தப் பெடியன் பார்க்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் பொறுங்கோ, படுக்க வைக்காதேங்கோ குந்தியிருக்கிறன், வயிற்றை அமத்தாதேங்கோ. இவற்றில் எதற்குப் பிள்ளை செத்துப்போகும்?

நோவில் கத்துகிற பொம்பிளைக்கு என்ன விளங்கும் என்பது இன்னொன்று. படித்த ஆட்களும் சொல்வார்கள். எங்கள் கந்தோரில் நாரி நோவோடு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு உறுதி முடிக்கிற கிழவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருவரும் சொல்வதில்லை. மயங்கிக் கிடக்கிறாள், கேட்க ஆளில்லை, நேரமும் இல்லை என்றால் டொக்டர் தன் அறிவுக்கு நல்லதைச் செய்யட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, சட்டத்துக்கும் இல்லை. பயத்தில் உண்மையாகவே ஒன்றையும் யோசிக்க முடியாமல் போவதும் உண்டு. 1997இல் இங்கிலாந்தில் ஒரு பெண் சிசேரியனுக்குச் சம்மதித்துவிட்டு ஊசியைக் கண்டவுடன் மாட்டேன் என்றார், அந்த நேரத்துக்கு அவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது ஆளாளுக்குப் பார்த்துச் சொல்ல வேண்டியது. பிள்ளைப்பேற்று மேசையில் ஏறுகிற எல்லாருக்கும் சேர்த்து ஒட்டுகிற லேபிள் இல்லை. நேரமில்லை என்கிறார்களே, ஒன்பது மாதம் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு மாதாமாதம் போய் வாங்கில் இருந்தோமே. நிறை பார்த்தார்கள், பிரெஷர் பார்த்தார்கள், திரிபோஷ சத்துமா தந்தார்கள். வெட்டுவது என்று ஒன்று உண்டு, எப்போது வெட்டுவோம், என்ன செய்யும் என்று ஒரு பத்து நிமிடம்?

இதே யாழ்ப்பாணத்தில்தான், மானிப்பாயில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டொக்டர் தமிழில் வைத்தியம் படிப்பித்தார், மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்று 1857இலேயே தமிழில் அச்சாகிவிட்டது. நூற்றறுபது வருடத்துக்குப் பிறகு நான் கேட்ட கேள்விக்கு "காணாது" என்ற ஒரு சொல் பதில். தமிழ்தான், குறை சொல்ல முடியாது.

இரண்டாவது பிள்ளை 2023 ஆவணியில், வேறொரு ஆஸ்பத்திரியில். இந்த முறை நான் ஆயத்தமாகப் போனேன், கொஞ்சம் அதிகமாகவே ஆயத்தமாக, இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. தண்ணிக்குடம் உடைந்து போயிருந்தேன், நோ பிடிக்கவில்லை. அதே போத்தல் வந்தது. ஒரு மணித்தியாலம் பொறுக்கலாமோ என்று கேட்டேன். நேர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனால் அன்று நின்றது ஒரு இளம் டொக்டர் பிள்ளை, நித்திரை இல்லாமல் கண் சிவந்துபோய் இருந்தார். கட்டிலோரம் வந்து நின்று சொன்னார், "பிள்ளையின்ர ஹார்ட் வடிவா இருக்கு அக்கா. ஒரு மணித்தியாலம் பொறுக்கலாம். ஆனா தண்ணிக்குடம் உடைஞ்சபடியா கனநேரம் விட்டா கிருமி தொத்தும், அதுதான் எங்களுக்குப் பயம்." விறாந்தையில் நடந்தேன். முருகா முருகா என்று ஒரு மணித்தியாலம் நடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து ஏற்றுங்கோ என்று கையை நீட்டினேன். நேர்ஸுக்கு வெற்றிச் சிரிப்பு, அவரைக் குறை சொல்லவில்லை, ஒரு இரவுக்கு அத்தனை கட்டில் பார்க்கிற ஆள்.

கடைசி நேரத்தில் மெசினில் பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கியது, எனக்கே சத்தம் மாறினது கேட்டது. டொக்டர் என் முகத்துக்கு நேரே குனிந்தார். "ஹார்ட் குறையுது அக்கா. கொஞ்சம் வெட்டினா கெதியா எடுக்கலாம். வெட்டட்டோ?" ஓம் என்றேன். அவ்வளவுதான், கேள்வியும் பதிலும் சேர்த்து ஐந்து விநாடி வராது. மகன் அழுதான். பிறகு தைத்துக்கொண்டே, நான் கேளாமலே, "ஆறு தையல் அக்கா, உள்ளுக்கையும் இருக்கு, தானாக் கரையும்" என்றார்.

முதல்முறை வெட்டு ஆற ஆறு கிழமை. இரண்டாவதும் அப்படித்தான், இருக்க முடியாது, நடக்க முடியாது, வேது பிடித்து, காயச்சரக்குக் குடித்து, முப்பத்தோராம் நாள் வரைக்கும் முனகிக்கொண்டு கிடந்தேன். நோவில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் இரண்டாவது காயத்தை நினைத்து நான் ஒருநாளும் இரவில் எழும்பி இருந்ததில்லை.

இதில் எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. அன்றைக்குப் பக்கத்துக் கட்டிலில் தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை, பத்தொன்பது இருபது வயது. அவளிடம் அதே ஆஸ்பத்திரியில், அதே இரவில், ஒன்றும் கேட்கப்படவில்லை. "காலை விரி, கத்தாத." நான் கந்தோர்க்காரி, சட்டம் கதைப்பேன் என்று கொப்பியில் தொழிலைப் பார்த்தபோதே அவர்களுக்கு விளங்கியிருக்கும். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை கொடூரமான, மனிதாபிமானமற்ற, இழிவான நடத்துகை எவருக்கும் ஆகாது என்கிறது. எவருக்கும். அந்த இரவு அது ஒரு கட்டிலுக்கு வந்து மற்றக் கட்டிலுக்கு முன்னால் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன், அவள் சீலையைக் கடித்துக்கொண்டு இருந்தாள், நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என் பாடு.

இப்போது சின்னம்மாவின் மகளுக்கு எட்டாம் மாதம். போன ஞாயிறு கிளினிக் கொப்பியையும் கொண்டு வீட்டுக்கு வந்தாள். கொப்பியில் எழுதப் பயந்தாள், அதனால் ஒரு தாள் எடுத்து, இரண்டு பேரும் இருந்து யோசித்து எழுதினோம். உள்ளே பார்க்க முன்னம் எனக்குச் சொல்லவும். வெட்ட வேண்டி வந்தால் என்னிடம் கேட்டுவிட்டு வெட்டவும். படிக்கிற பிள்ளைகள் நிற்பதானால் முதலில் என்னைக் கேட்கவும். மூன்று வசனம், உறுதி எழுதுகிற மாதிரி ஒரு சொல் கூடாமல் குறையாமல். கொப்பிக்குள் மடித்து வைத்து, செவ்வாய்க்கிழமை கிளினிக்குப் போகும்போது மிட்வைஃப் அக்காவிடம் காட்டச் சொன்னேன். அவர் முழுவதும் வாசித்தாராம். நல்ல விசயம்தான் என்றாராம். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா உள்ளுக்கை இருக்கிறவைக்கு இதைப் பாத்தாக் கோவம் வரும் பிள்ளை, ஒவ்வொண்டுக்கும் முன்னால தயவுசெய்து எண்டு போடும்" என்று சொல்லித் தன் பேனையையும் கொடுத்திருக்கிறார்.

தாளைக் காட்டினாள். இடம் காணாது, மூன்று தயவுசெய்துவும் ஓரத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள்.